ரோட்டவேட்டர் ஷாஃப்டின் கிராஸை வீட்டிலேயே மாற்றலாம்

ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயார் செய்யும் நாட்களில் தருமபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிப் பட்டறைகளின் வாசலில் நீளமான இரும்புத் தண்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்கு விசையைக் கடத்தும் பி.டி.ஓ. ஷாஃப்டுகள் அவை. பெரும்பாலும் அவற்றில் கெட்டுப் போயிருப்பது கைக்குள் அடங்கும் ஒரே ஓர் உறுப்புதான். பட்டறைக்காரர்கள் அதைக் 'கிராஸ்' என்பார்கள். அதை மாற்ற ஆகும் நேரம் ஒரு மணி. முறைக்காகக் காத்திருக்கும் நேரமோ இரண்டு நாள், மூன்று நாள்.

சரளை கலந்த செம்மண் நிலத்தில் பெய்த மழையின் ஈரம் நெடுநாள் நிற்பதில்லை என்பதை நம் மாவட்டத்து மானாவாரி உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈரத்தில் நிலக்கடலையோ கேழ்வரகோ விதைக்க வேண்டியவருக்கு மூன்று நாள் என்பது சில ஆண்டுகளில் ஒரு பட்டமே ஆகும். எனவே டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது நலம். வாடகைக்கு உழுவிப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்கலாம். ஷாஃப்டின் அருகில் நிற்பவர்களில் அவர்களும் உண்டு.

கிராஸ் செய்யும் வேலை

டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. தண்டு ஓரிடத்தில் நிலையாக உள்ளது. ரோட்டவேட்டரோ ஏறி இறங்குகிறது. இரண்டையும் நேரான இரும்புத் தண்டு ஒன்றால் பிணைத்தால் முதல் வரப்பிலேயே அது வளைந்துவிடும். ஆகவே ஷாஃப்டின் இரு முனைகளிலும் மடங்கியபடியே சுழலக்கூடிய யுனிவர்சல் ஜாயிண்டுகளை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கவட்டை போன்ற இரண்டு 'யோக்'குகள் இருக்கும். யோக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நுகத்தடி என்றே பொருள். இரண்டு யோக்குகளையும் கூட்டல் குறி வடிவில் நின்று இணைப்பது கிராஸ். அதன் நான்கு கைகளிலும் தொப்பி போல ஒவ்வொரு கப். கப்புக்குள் கோணி ஊசித் தடிமனில் உருளைகள் வரிசையாக நிற்கும். இதுவே ஊசி பேரிங்.

இந்த மூட்டு புதிய கண்டுபிடிப்பு அன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் முந்தைய இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இன்றும் 'கார்டன் ஷாஃப்ட்' என்ற பெயர் கடைகளில் வழங்குகிறது. தோட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை!

35 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 540 சுற்றில் கடத்தும்போது ஷாஃப்டில் ஏற்படும் முறுக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையைப் பிடித்து, மறு முனையில் சுமார் 46 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். பிளேடு கல்லில் மோதும் கணத்தில் இது பல மடங்காகும். அத்தனையையும் தாங்குபவை அந்த ஊசிகள்தாம்.

ஏன் கெடுகிறது?

முதற் காரணம் கிரீஸ் இன்மை. சக்கரத்தில் உள்ள பேரிங் முழுச் சுற்றாகச் சுழல்வதால் கிரீஸ் எங்கும் பரவிக்கொள்ளும். கிராஸின் ஊசிகள் அப்படிச் சுழல்வதில்லை. இருந்த இடத்திலேயே இப்படியும் அப்படியுமாகச் சிறிது அசைகின்றன. அதனால் அந்த இடத்துக் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடும். ஊசிகள் காய்ந்த இரும்பில் தேயும். 8 மணி நேர வேலைக்கு ஒரு முறை கிராஸுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நடப்பில் மாதத்துக்கு ஒரு முறைகூட அடிக்காத வண்டிகள் உண்டு.

இரண்டாவது காரணம் மடக்கம். வரப்போரத்தில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமல் ரோட்டவேட்டரை உயரத் தூக்கிவிடுவது நம் ஓட்டுநர்களின் வழக்கம். ஒரு மூட்டு மடங்கிச் சுழலும்போது, டிராக்டர் 540 சுற்று என்று ஒரே சீராகச் சுழற்றினாலும் மறுபக்கம் வெளிவரும் சுழற்சி சீராக இருப்பதில்லை. 15 பாகை மடக்கத்தில் அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 522க்கும் 559க்கும் இடையே ஏறி இறங்கும். 30 பாகையில் 468க்கும் 624க்கும் இடையே தாவும். அந்தத் தாவலைத்தான் நாம் 'தடதட' என்ற அதிர்வாக உணர்கிறோம். பாகையை அளக்கக் கருவி தேவையில்லை. ஒரு மீட்டர் நீள ஷாஃப்டில் இரு முனைகளுக்கும் உயர வேறுபாடு 26 செ.மீ. என்றால் 15 பாகை. அரை மீட்டர் என்றால் 30 பாகை. வேலையின்போது 15க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தூக்குவதானால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பல ரோட்டவேட்டர் ஷாஃப்டுகளில் ஒரு முனையில் 'ஷியர் போல்ட்' என்ற பாதுகாப்பு போல்ட் இருக்கும். கல்லில் பிளேடு சிக்கினால் அது தானே முறிந்து மற்ற உறுப்புகளைக் காப்பாற்றும். பென்னாகரம் பக்கத்துக் கல் நிலங்களில் இது அடிக்கடி முறிகிறது என்பதற்காகச் சிலர் அதைக் கழற்றிவிட்டு, முறியவே முறியாத கடினமான போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். பிறகு போல்ட் முறிவதில்லை, உண்மைதான். கிராஸ் முறிகிறது, அல்லது கியர் பெட்டியில் பல் உடைகிறது. சில ரூபாய் போல்ட்டை மிச்சம் பிடித்துச் சில ஆயிரங்களை இழக்கும் கணக்கு இது. கையேட்டில் சொல்லியுள்ள அதே தரத்துப் போல்ட்டில் நாலைந்தைக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்வதே சரியான வழி.

கெட்டதை அறிவது

பி.டி.ஓ.வைப் போடும்போது 'டக்' என்ற ஓசை கேட்டால் ஐயப்படலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு கையால் ஒரு யோக்கையும் மறு கையால் அடுத்த யோக்கையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். இடையில் சிறு ஆட்டம் தெரிந்தாலும் கிராஸ் போய்விட்டது. கப்பின் விளிம்பில் செங்கல் தூள் போலத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் அற்றுப்போய் நெடுநாளாகிறது என்று பொருள். வேலை முடிந்து வண்டியை நிறுத்திய பின் யோக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருப்பதும் கெட்ட அறிகுறியே. ஒரு முனையில் கெட்டிருந்தால் மறு முனையையும் கட்டாயம் சோதியுங்கள். இரண்டும் ஒரே நாளில் போட்டவையானால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது உத்தமம்.

கழற்றும் முறை

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ. லீவரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவியைப் பற்றி வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு: வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிராக்டர் பக்கத்து யோக்கில் ஓர் அழுத்து பின் இருக்கும். அதை அழுத்திப் பிடித்து இழுத்தால் யோக் வழுக்கி வந்துவிடும். 35 மி.மீ. தண்டில் 6 பற்கள் கொண்ட இணைப்பு அது. வரவில்லையானால் சம்மட்டியால் அடிக்காதீர்கள். அந்த அடி டிராக்டரின் உள்ளே உள்ள பேரிங்கைப் போய்ச் சேரும். மண்ணெண்ணெய் விட்டுச் சற்று ஊறவைத்து, அசைத்து இழுங்கள். மறு முனையில் ரோட்டவேட்டரின் கியர் பெட்டியோடு பிணைத்துள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது என்பதை மறந்து ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கினால் மற்றது காலில் விழும்.

இந்தக் குழாய்கள் இரண்டையும் பிரிப்பதற்கு முன் இரண்டின் மேலும் ஒரே நேர்கோட்டில் பெயின்டாலோ அரத்தாலோ ஓர் அடையாளக் கோடு போடுங்கள். இதன் அவசியத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கிராஸ். நான்கு கப்புகளையும் வெளியே வராமல் பிடித்திருப்பவை சர்க்லிப் என்ற வில் வளையங்கள். அதற்குரிய பிளையரால் நெருக்கி எடுங்கள். அவை தெறித்துக் கண்ணில் பட்டுவிடும்; கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், இல்லையேல் துணியால் மூடிக்கொண்டு எடுங்கள். பிறகு வைஸில் வேலை. கப் உள்ளே நுழையும் அளவுக்கு அகன்ற ஒரு குழாய்த் துண்டை யோக்கின் ஒரு காதுக்கு வெளியே வையுங்கள். எதிர்க் காதிலுள்ள கப்பின் மேல், அதைவிடச் சற்றுச் சிறிய இரும்புத் துண்டை வையுங்கள். வைஸை முறுக்கினால் சிறிய துண்டு ஒரு கப்பை உள்ளே தள்ள, எதிர்ப்பக்கக் கப் குழாய்க்குள் வெளிவரும். ஒரு செ.மீ. வந்ததும் அதைக் குறட்டால் பிடித்துத் திருகி உருவிவிடலாம். பின்பு யோக்கைத் திருப்பிப் போட்டு இதையே செய்ய வேண்டும்.

வைஸ் இல்லாதவர்கள் கட்டையின் மேல் வைத்து அடித்தும் எடுக்கலாம். ஆனால் கப்பின் மேல் நேராகச் சுத்தியல் படக் கூடாது. கடினப்படுத்திய எஃகு அது, சில்லு தெறிக்கும். இடையில் செம்பு அல்லது பித்தளைத் துண்டு இருக்கட்டும். கேஸ் வைத்துச் சுடுவது வேண்டவே வேண்டாம். சூடுபட்ட யோக் வலுவிழந்துவிடும்.

கடைக்குப் போகும்போது

பழைய கிராஸைக் கப்புகளோடு எடுத்துச் செல்லுங்கள். டிராக்டரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பெரும்பாலும் வேறு அளவு வந்து சேரும், ஏனெனில் ஷாஃப்ட் டிராக்டரைச் சேர்ந்தது அன்று, ரோட்டவேட்டரைச் சேர்ந்தது. பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு: கப்பின் வெளிவிட்டம், எதிரெதிர்க் கப்புகளின் வெளி முகங்களுக்கு இடையிலான நீளம். 27 மி.மீ.க்கு 74.6 மி.மீ. ஓர் அளவு, 30.2 மி.மீ.க்கு 80 மி.மீ. வேறோர் அளவு; அதே 30.2 விட்டத்தில் 92 மி.மீ. நீளமும் உண்டு. வெர்னியரால் அளந்து வாங்குங்கள். கிரீஸ் நிப்பிள் நடுவில் இருக்கிறதா, கப்பின் தலையில் இருக்கிறதா என்பதையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

பொருத்தும் முறை

யோக்கின் துளைகளை மண்ணெண்ணெயால் கழுவி, துருவை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் துடையுங்கள். புதிய கப்பைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தத்துக்கு மசியாமல் நிற்க வேண்டும். எளிதாக உள்ளே போய்விட்டால் துளை தேய்ந்து அகன்றுவிட்டது. சிலர் அப்போது துளையின் உட்புறம் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தியோ தகரத் துண்டு செருகியோ இறுக்குவார்கள். அது ஒரு வாரம் தாங்கும். யோக்கை மாற்றுவதே முடிவான வழி.

புதிய கிராஸின் கப்புகளைக் கழற்றி, ஊசிகள் எல்லாம் சுவரோரம் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவினால் அவை விழாமல் ஒட்டி நிற்கும். கப்பில்லாத கிராஸை யோக்குக்குள் நுழைத்து, நிப்பிள் கிரீஸ் கன்னுக்கு எட்டும் திசையில் இருக்குமாறு வையுங்கள். மூடியெல்லாம் பூட்டிய பிறகு நிப்பிள் எட்டாத பக்கம் போய்விட்டால் அந்தக் கிராஸுக்குக் கிரீஸே கிடைக்காது.

இப்போது ஒரு கப்பைத் துளையில் வைத்து, கிராஸின் கையை அதற்குள் நுழைத்துப் பிடித்தபடியே வைஸால் அழுத்துங்கள். கை உள்ளே இருக்கும்வரை ஊசிகள் சாயமாட்டா. பாதி போனதும் எதிர்ப்பக்கக் கப்பை வைத்து, கிராஸை நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து அழுத்தி, சர்க்லிப் போடுங்கள்.

வேலை கெடும் இடம் இதுதான். சர்க்லிப் அமரும் பள்ளம் தெரியும் அளவுக்குக் கப் உள்ளே போகாமல் ஒரு மயிரிழை மீதி நிற்கும். உடனே சுத்தியலை எடுப்பார்கள். எடுக்காதீர்கள். உள்ளே ஓர் ஊசி விழுந்து அடியில் குறுக்கே படுத்திருக்கிறது. மேலும் அடித்தால் ஊசியும் நொறுங்கும், கப்பும் விரியும். வெளியே எடுத்து, ஊசியை நிறுத்தி, மீண்டும் போடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நான்கு சர்க்லிப்புகளும் பள்ளத்தில் அமர்ந்த பின், யோக்கின் காதுகளை மரச் சுத்தியலால் இலேசாகத் தட்டுங்கள். இறுக்கம் விடும். மூட்டைக் கையால் எல்லாத் திசைகளிலும் மடக்கிப் பார்த்தால் எங்கும் பிடிக்காமலும், ஆட்டம் இல்லாமலும் அசைய வேண்டும். லித்தியம் கிரீஸை நிப்பிள் வழியே, நான்கு கப்புகளின் விளிம்பிலும் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கை காய்ந்தே கிடக்கும். மூட்டை மடக்கி மடக்கி மீண்டும் அடித்துப் பாருங்கள்.

அடையாளக் கோடு எதற்கு?

ஒரு மூட்டு சுழற்சியைத் தாவச் செய்கிறது என்றேன். இரண்டாவது மூட்டு அதற்கு நேர் எதிராகத் தாவி அதைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் அதற்கு நடுக்குழாயின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். ஷாஃப்டை மேசைமேல் வைத்தால் இரு யோக்குகளின் காதுகளும் ஒன்று போலப் படுத்திருக்க வேண்டும். குழாய்களை மாற்றிச் செருகிவிட்டால் ஒன்று படுத்தும் மற்றொன்று நிமிர்ந்தும் நிற்கும். அப்போது தாவல் நீங்குவதற்குப் பதில் பெருகும். புதுக் கிராஸ் போட்டும் பத்து நாளில் போய்விட்டது, கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டார் என்று குறைப்படுபவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். அத்துடன் டாப் லிங்கைச் சரிசெய்து, ரோட்டவேட்டரின் கியர் பெட்டித் தண்டு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருக்குமாறும் வைக்க வேண்டும். இரு மூட்டுகளின் மடக்கமும் சமமாக இருந்தால்தான் சரிக்கட்டல் நடக்கும்.

குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளம் நுழைந்திருக்கட்டும். மிகக் குறுகிய நிலையிலும் முட்டிக்கொள்ளாமல் 2.5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். முட்டினால் அந்த உந்தல் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும்.

ஜீப், சரக்கு வண்டி உள்ளவர்களுக்கு

பாலக்கோட்டுச் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளின் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் இதே கிராஸ்தான், இதே வேலைதான். வேறுபாடு இரண்டு. அது பி.டி.ஓ.வைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழல்வதால் எடைச் சமன் செய்யப்பட்டது. எனவே ஃபிளாஞ்சிலும் யோக்கிலும் அடையாளம் போட்டுக் கழற்றி, அதே இடத்தில் பூட்ட வேண்டும். குழாயில் ஒட்டவைத்துள்ள சிறு தகட்டை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் கியரில் போட்டிருக்கிறோம், நகராது என்ற நம்பிக்கையில் அடியில் படுப்பார்கள். ஷாஃப்ட் கழன்ற கணமே கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அற்றுவிடும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டியின் பின்னால் ஷாஃப்டின் மேல் இருக்கும். கைப்பிரேக்கும் அதோடு போய்விடும். ஆகவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே கீழே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது.

மூடியைத் திரும்பப் போடுங்கள்

வேலை முடிந்தபின் ஒரு பொருள் மட்டும் ஓரமாகக் கிடக்கும். ஷாஃப்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மூடி. 'கிரீஸ் அடிக்க இடைஞ்சல்' என்று அதைத் தூக்கி எறிந்துவிட்ட வண்டிகளே நம் ஊர்களில் மிகுதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. 5 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒரு சுற்றில் 15.7 செ.மீ. துணியை இழுக்கும். 9 சுற்றில் 141 செ.மீ. நாலு முழ வேட்டி முழுவதையும் அது விழுங்க ஒன்றரை விநாடிகூட ஆகாது. வேட்டி நுனி சிக்கியது என்று உணர்ந்து, கூப்பிட்டு, ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, லீவரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சேலைத் தலைப்புக்கும் துண்டுக்கும் அவிழ்ந்த கூந்தலுக்கும் இதே கணக்குதான். யோக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலையும் அழுத்து பின்னும் துணியைக் கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும்.

நிலத்தில் உழும்போதாவது ஓட்டுநர் ஒருவர்தான் அருகில் இருப்பார். அதே டிராக்டரைக் களத்தில் நிறுத்திக் கேழ்வரகு அடிக்கும் இயந்திரத்துடன் பூட்டும்போது சுற்றிலும் பெண்கள் கதிரைச் சுமந்து வருவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். ஷாஃப்டைத் தாண்டிச் செல்வதே குறுக்குவழியாக இருக்கும். அங்கே மூடி இல்லாத ஷாஃப்டை ஓட விடவே கூடாது. மூடியின் சங்கிலியை டிராக்டரின் நிலையான பாகத்தில் மாட்டினால்தான் அது சுழலாமல் நிற்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஷாஃப்ட் அசையாதபோது மூடியைக் கையால் திருப்பிப் பாருங்கள், எளிதாகச் சுழல வேண்டும். உடைந்திருந்தால் மூடி மட்டும் தனியாகக் கிடைக்கிறது.

எல்லாம் பூட்டிய பின் டிராக்டர் பக்கத்து யோக்கை ஒரு முறை இழுத்துப் பார்த்துப் பின் பற்றியிருப்பதை உறுதி செய்துகொண்டு, குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்தி, ஷாஃப்ட் முழுவதும் நின்ற பிறகு, யோக்குகளின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர உழவுக்குப் பின் சர்க்லிப்புகளை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். ஐயம் உள்ளவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ தருமபுரியிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம். போகும்போது கழற்றிய பழைய கிராஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசிகள் தேய்ந்துள்ள பக்கத்தைப் பார்த்தே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.